திரை கறுத்தால் யாரைக் கேட்பது?

லினக்ஸ் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. எல்லாம் நன்றாகவே போய்க் கொண்டிருக்கிறது. பிரவுசர் திறக்கிறது. லிப்ரே ஆபீஸில் கடிதம் டைப் செய்கிறீர்கள். பிரிண்டர் கூட, நீங்கள் பயந்தது போலில்லாமல், செருகியவுடன் வேலை செய்கிறது. ஒரு நாள் மாலை, அப்டேட்கள் வந்திருக்கின்றன என்று திரையின் மூலையில் சிறிய அறிவிப்பு ஒன்று தோன்றுகிறது. இன்ஸ்டால் பட்டனில் கிளிக் செய்கிறீர்கள். பாஸ்வேர்ட் கேட்கிறது, கொடுக்கிறீர்கள். ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறது, செய்கிறீர்கள். மதர்போர்டு கம்பெனியின் சின்னம் வந்து போகிறது. பிறகு கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சிறிய கோடு மட்டும் மின்னிக் கொண்டிருக்கிறது. ஐந்து நிமிடம் காத்திருந்தாலும் அதே கோடுதான்.

இதில் நீங்கள் செய்த தவறு என்ன? ஒன்றுமே இல்லை. அப்டேட்களைத் தள்ளிப் போடாதீர்கள், பாதுகாப்புக்கு அதுதான் நல்லது என்று எழுதுவது எங்களைப் போன்றவர்கள். அதை நம்பி பட்டனை அழுத்தியவர் நீங்கள். ஆனாலும் கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்திருக்கும் புதியவர் முதலில் நினைப்பது, “நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன்” என்பதுதான். இந்த எண்ணம் தவறு என்று சொல்லவும், இதற்கு யார் யார் பொறுப்பு என்று என் மனதில் பட்டதைச் சொல்லவுமே இந்தக் கட்டுரை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். விண்டோஸ் வேண்டாம் என்று முடிவு செய்து, தானே புத்தகம் பார்த்து லினக்ஸ் நிறுவியவர். அவருடைய மெஷினில் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு உண்டு. அதற்கான டிரைவரை நிறுவலாம் என்று லினக்ஸே பரிந்துரை செய்ய, அவரும் நிறுவினார். ரீஸ்டார்ட் செய்தபோது நீல நிறத்தில் ஒரு திரை வந்து, ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டிருக்கிறது. வைரஸோ என்று பயந்து, முதலில் இருந்த வரியிலேயே என்டரைத் தட்டிவிட்டார். அதன்பின் டெஸ்க்டாப் வரவில்லை. மறுநாள் ஒரு கடைக்குக் கொண்டு போனார். பார்த்தவர், ஹார்டு டிஸ்க்கில் கோளாறு, பார்மட் செய்தால்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டார். அதில் அவர் நான்கு ஆண்டுகளாக டைப் செய்து வைத்திருந்த ஊர் வரலாற்றுக் குறிப்புகள் இருந்தன. பேக்கப் கிடையாது. நல்ல வேளையாக, பார்மட் செய்வதற்கு முன் எனக்குப் போன் செய்தார். “தம்பி, நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல இருக்கு” என்றார். ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. அந்த நீலத் திரையில் இரண்டாவது வரியைத் தேர்வு செய்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். சரி செய்ய பத்து நிமிடம் ஆனது.

நான்கு ஆண்டு உழைப்பு ஒரு என்டர் கீயில் போயிருக்கும். டிரைவர் என்பது கேம் ஆடும் பையன்களின் பிரச்சினை மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வீட்டுத் தையல்காரர்

முதலில், இது ஏன் நடக்கிறது என்று பார்ப்போம். லினக்ஸ் சிஸ்டத்தின் நடுவில் இருப்பது கெர்னல். மெமரி, டிஸ்க், கீபோர்டு, திரை எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது அதுதான். புதிய கெர்னல் பதிப்பு 9 அல்லது 10 வாரத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் எது என்பதைப் பொறுத்து, அது உடனேயோ சற்றுத் தாமதமாகவோ, சிறு திருத்தங்களாகவோ உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும்.

இன்டெல் கிராபிக்ஸ் உள்ளவர்களுக்கு டிரைவர் என்று தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கெர்னல் மாறும்போது அதுவும் சேர்ந்தே மாறுகிறது. ஏ.எம்.டி. கார்டுகளுக்கும் இன்று அப்படித்தான். இந்த இரண்டில் ஒன்று உங்களிடம் இருந்தால், இந்தக் கட்டுரையின் பெரும் பகுதி உங்களுக்குக் கதை போலத்தான் இருக்கும். என்விடியா கார்டுகளின் நிலை வேறு. அந்தக் கம்பெனியின் டிரைவர் கெர்னலுக்கு வெளியே தனியாகத் தயாராகிறது. ஆகவே ஒவ்வொரு கெர்னலுக்கும் அளவெடுத்துத் தைக்க வேண்டிய சட்டை அது. பழைய கெர்னலுக்குத் தைத்தது புதிய கெர்னலுக்குப் பொருந்தாது.

ஒவ்வொரு முறையும் இந்தச் சட்டையை யார் தைப்பது? சில லினக்ஸ் பதிப்புகள் தாங்களே தைத்து ரெடிமேடாக அனுப்புகின்றன. மற்றவற்றில் டி.கே.எம்.எஸ். என்ற புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து தைக்கிறது. டெல் கம்பெனியினர் 2003-இல் உருவாக்கியது இது. கெர்னல் மாறியவுடன் அதுவே டிரைவரைப் புதிதாகத் தொகுத்துப் பொருத்திவிடும். ஆனால் இந்த வீட்டுத் தையல்காரருக்கு அளவுக் குறிப்பு வேண்டும். அதுதான் ஹெடர் பைல்கள். கெர்னல் வந்து, அதற்கான ஹெடர் பைல்கள் வராமல் போனால் அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். ஹெடர் வந்தும், புதிய கெர்னலின் உள்ளமைப்பு டிரைவர் எழுதியவர் எதிர்பாராத வகையில் மாறியிருந்தால் துணி கிழியும். இரண்டிலும் அப்டேட் ஜன்னல் உங்களிடம் உரக்க எதுவும் சொல்வதில்லை. எங்கோ ஒரு லாக் பைலில் நான்கு வரி எழுதி வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று காட்டிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் இதோடு சேர்ந்து கொள்கிறது. என்விடியா கார்டுகளுக்கு நூவோ என்ற திறந்த மூல டிரைவர் ஒன்று உண்டு. கம்பெனியின் உதவியின்றி, கார்டு எப்படி வேலை செய்கிறது என்பதை வெளியிலிருந்தே ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதியது. 2010-இல் வந்த 2.6.33 கெர்னலிலிருந்து அது கெர்னலுக்குள் இருக்கிறது. கம்பெனி டிரைவரும் நூவோவும் ஒரே கார்டைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதற்காக, கம்பெனி டிரைவரை நிறுவும்போது நூவோ தடைப் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. இப்போது கம்பெனி டிரைவர் தைக்கப்படாமல் போனால் என்ன ஆகும்? அதுவும் இல்லை, இதுவும் இல்லை. சில கம்ப்யூட்டர்களில் எழுத்துகள் பூதாகாரமாக, இரண்டாவது மானிட்டர் செத்து, ஏதோ ஒரு டெஸ்க்டாப் வரும். சிலவற்றில் அந்த மின்னும் கோடுதான்.

விண்டோஸில் டிரைவர் கெட்டால், மைக்ரோசாப்டின் சாதாரண டிரைவர் ஒன்று வந்து நின்று திரையைக் காப்பாற்றும். அழகாக இருக்காது, ஆனால் மவுஸ் நகரும். லினக்ஸைக் குறை சொன்னால் என் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். இந்த ஒரு விஷயத்தில் விண்டோஸ் பல ஆண்டுகளாக முன்னால் நிற்கிறது.

யார் மேல் தவறு?

முதல் பொறுப்பு கார்டு செய்யும் கம்பெனிக்குத்தான் என்பது என் கருத்து. இதைச் சொல்ல ஏ.எம்.டி.யின் கதை உதவும். ஒரு காலத்தில் ஏ.டி.ஐ. கார்டும் லினக்ஸும் என்றாலே தலைவலிதான். அவர்களுடைய மூடிய டிரைவர் பெயரைக் கேட்டாலே பழையவர்கள் இன்றும் முகம் சுளிப்பார்கள். 2006-இல் ஏ.டி.ஐ. கம்பெனியை ஏ.எம்.டி. வாங்கியது. 2007 முதல் கார்டுகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2015-இல் ஏ.எம்.டி.ஜி.பி.யு. என்ற திறந்த டிரைவர் 4.2 கெர்னலில் சேர்ந்தது. இடையில் 2012-இல் ரேடியான் எச்.டி. 2000, 3000, 4000 வரிசைக் கார்டுகளை ஏ.எம்.டி. தன் மூடிய டிரைவரிலிருந்து கழற்றிவிட்டது. அப்போதும் புலம்பல் எழுந்தது. ஆனால் அந்தக் கார்டுகளுக்குத் திறந்த டிரைவர் தயாராக இருந்தது. மாற்றிக் கொண்டு வேலையைப் பார்க்க முடிந்தது.

என்விடியா அந்த வழியில் போகவில்லை. 2012-இல் பின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்தில் ஒரு பெண்மணி இதைப் பற்றிக் கேட்டபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தாங்கள் பழகிய கம்பெனிகளிலேயே மோசமானது என்விடியாதான் என்று சொல்லி, கேமராவைப் பார்த்து நடுவிரலையும் காட்டினார். நாகரிகமான செயல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடியோ ஏன் அப்படிப் பரவியது என்பது, ஒருமுறையாவது கறுப்புத் திரை முன் உட்கார்ந்தவர்களுக்குப் புரியும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்விடியா லினக்ஸைக் கைவிட்ட கம்பெனி அல்ல. அதன் மூடிய டிரைவர் சரியாகப் பொருந்தியிருக்கும் நாட்களில் வேகமாகவே ஓடுகிறது. 2022 மே மாதம் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாகவும் வெளியிட்டது. ஆனால் அது 2018-இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பின் வந்த கார்டுகளுக்கும் மட்டுமே. அந்தக் கார்டுகளுக்குள் ஜி.எஸ்.பி. என்ற சிறிய பிராசசர் இருக்கிறது. முன்பு டிரைவர் செய்த வேலையில் பெரும் பகுதியை அதில் ஓடும் மூடிய பர்ம்வேர் பார்த்துக் கொள்கிறது. அதற்கு முந்தைய கார்டுகளில் இந்த ஏற்பாடு கிடையாது.

இங்கேதான் எனக்கு உண்மையான கோபம் வருகிறது. 2025 டிசம்பரில் என்விடியாவின் 590 வரிசை டிரைவர் லினக்ஸுக்கு வந்தது. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா தலைமுறைக் கார்டுகளுக்கு அதில் இடமில்லை. அவற்றுக்கு 580 வரிசைதான் கடைசி. அதற்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் போன்றவை மட்டும்தான் சில காலம் வரும். பாஸ்கல் என்றால் ஏதோ அருங்காட்சியகச் சாமான் என்று நினைக்க வேண்டாம். 2016 ஜூலையில் வந்த ஜிபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 1060 இந்தத் தலைமுறைதான். ஸ்டீம் தளத்தில் எடுக்கப்படும் ஹார்டுவேர் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த கார்டு அது. பழைய மார்க்கெட்டில் வாங்கிய மெஷின்களில் இன்றும் ஏராளமாக இருக்கிறது.

பத்து வருடக் கார்டுக்கு எவ்வளவு நாள்தான் டிரைவர் எழுதுவது என்று கம்பெனி கேட்கலாம். சரியான கேள்விதான். எழுத வேண்டாம். ஆனால் மற்றவர்கள் எழுத வழி விட வேண்டும் அல்லவா? ஜி.டி.எக்ஸ். 900 வரிசை தொடங்கி, கம்பெனி கையெழுத்திட்ட பர்ம்வேரைத்தான் கார்டு ஏற்றுக் கொள்ளும் என்று ஆகிவிட்டது. கார்டின் வேகத்தைக் கூட்டுவதற்குத் தேவையான பர்ம்வேர் நூவோ எழுதுபவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. அதனால் நூவோ டிரைவரில் இந்தக் கார்டுகள், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது இருக்கும் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடுகின்றன. கம்பெனியின் புதிய திறந்த டிரைவருக்கு இவை மிகப் பழையவை. நூவோ முழு வேகத்தில் ஓட்டுவதற்கோ மிகப் புதியவை. அதற்கும் முந்தைய கெப்ளர் கார்டுகளில் கூட நூவோவால் வேகத்தைக் கூட்ட முடியும் என்பதுதான் வேடிக்கை. கதவைப் பூட்டிவிட்டு, சாவியையும் எடுத்துக் கொண்டு, “நான் வீட்டைக் காலி செய்துவிட்டேன்” என்று சொல்வது போல இருக்கிறது இது.

நேரமும் பாருங்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக் கொள்ளாத பழைய மெஷின் வைத்திருப்பவர்களிடம் லினக்ஸுக்கு வாருங்கள் என்று எல்லோரும் அழைத்தோம். நானும் அழைத்தேன். 2016, 2017-இல் வாங்கிய மெஷின் என்றால் உள்ளே என்ன கார்டு இருக்கும்? அப்படி வந்தவர்களில் பலரைத்தான் இரண்டே மாதத்தில் இந்தப் பட்டியல் தொட்டது.

லினக்ஸ் தரப்பும் கை கழுவ முடியாது

கார்டு கம்பெனியைத் திட்டிவிட்டு எழுந்து போவது சுலபம். லினக்ஸ் தரப்பிலும் கேட்க வேண்டியவை இருக்கின்றன.

கெர்னல் எழுதுபவர்கள் அதன் உள்ளமைப்பை நிலையாக வைத்திருப்பதில்லை. வேண்டும்போது மாற்றுவோம், வெளியே இருக்கும் டிரைவர்கள் உடைந்தால் அது எங்கள் பொறுப்பல்ல என்பது அவர்களுடைய வெளிப்படையான கொள்கை. முக்கிய கெர்னல் பராமரிப்பாளரான கிரெக் குரோ ஹார்ட்மேன் இதற்கான காரணங்களை விளக்கி ஓர் ஆவணமே எழுதியிருக்கிறார். அது கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. டிரைவரைக் கெர்னலுக்குள் கொண்டு வாருங்கள், நாங்களே பராமரிக்கிறோம் என்பது அவர் வாதம். கெர்னலின் தரம் உயர இந்தக் கொள்கை உதவியிருக்கிறது என்பதை ஒப்புக் கொள்கிறேன். ஆனால் இந்தச் சண்டையில் அடி வாங்குவது இரு தரப்பிலும் இல்லாத மூன்றாவது ஆள். 2020 அக்டோபரில் 5.9 கெர்னல் வந்தபோது, எங்கள் டிரைவர் இதற்கு இன்னும் பொருந்தாது, நவம்பர் நடுப்பகுதி வரை பொறுங்கள் என்று என்விடியா சொன்னது. அந்த அறிவிப்பைப் படித்தவர்கள் பொறுத்திருப்பார்கள். படிக்காமல் பட்டனை அழுத்தியவர்கள்?

என்னுடைய பெரிய குறை, லினக்ஸ் பதிப்புகளைத் தயாரிப்பவர்கள் மீதுதான். உங்கள் மெஷினில் என்ன கார்டு இருக்கிறது என்பது லினக்ஸுக்குத் தெரியும். எந்த டிரைவர் ஓடுகிறது என்று தெரியும். வரப் போகும் டிரைவரில் அந்தக் கார்டு இல்லை என்பதும் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு ஏன் அப்டேட் ஜன்னல், “இதை நிறுவினால் உங்கள் திரை வேலை செய்யாது, நிறுத்தட்டுமா?” என்று கேட்கக் கூடாது? 590 வந்தபோது ஆர்ச் லினக்ஸ் தன் செய்திப் பகுதியில் தெளிவான எச்சரிக்கை வெளியிட்டது. பாஸ்கலும் அதற்கு முந்தைய கார்டுகளும் வைத்திருப்பவர்கள் 580 டிரைவரைத் தனியாக நிறுவிக் கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கிராபிக்ஸ் வராது என்று அதில் இருந்தது. ஆர்ச் பயன்படுத்துபவர்கள் செய்தியைப் படித்துவிட்டுத்தான் அப்டேட் செய்ய வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். சரி. ஆனால் செய்தியைப் போடத் தெரிந்தவர்களுக்கு, அதே செய்தியைச் சம்பந்தப்பட்டவரின் திரையில் காட்ட ஒரு வழி செய்யத் தெரியாதா?

உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இதில் கொஞ்சம் நல்லவை. 580 என்பதையும் 590 என்பதையும் தனித் தனிப் பேக்கேஜாக வைத்திருப்பதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நீங்கள் கேட்காமல் தாவுவதில்லை. ஆனால் உபுண்டுவிடம் எனக்கு வேறு ஒரு மனக்குறை உண்டு. பழைய கெர்னலை அது அழிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறது. கறுப்புத் திரையிலிருந்து தப்பிக்க அதுவே முதல் வழி. அந்த வழிக்கான கிரப் மெனுவை, கம்ப்யூட்டரில் உபுண்டு மட்டும் இருந்தால், மறைத்து வைத்துவிடுகிறது! தீயணைப்பு வாசலுக்குத் திரைச்சீலை போட்டு மூடிய மாதிரி.

அந்த நீலத் திரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு ஆன் செய்யப்பட்டிருந்தால், கையெழுத்தில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. ஆகவே உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு கையெழுத்துச் சாவி உருவாக்கப்பட்டு, “இது என்னுடையதுதான்” என்று நீங்கள் உறுதி செய்ய வேண்டியிருக்கிறது. அதற்காக நிறுவும்போது ஒரு தற்காலிகப் பாஸ்வேர்ட் கேட்கும். ரீஸ்டார்ட் செய்தவுடன் அந்த நீலத் திரை வரும். பத்து வினாடிக்குள் ஏதாவது கீயைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும். தட்டினால் வரும் மெனுவில் முதல் வரி, தொடர்ந்து பூட் செய் என்பது. இரண்டாவது வரி, என்ரோல் எம்.ஓ.கே. என்பது. அதுதான் சரியான வரி. எம்.ஓ.கே. என்றால் என்ன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வாழ்நாளில் ஒருமுறை பார்க்கும் திரையில், பத்து வினாடி கெடு வைத்து, புரியாத மூன்று எழுத்தைத் தேர்வு செய்யச் சொன்னால் எங்கள் தெரு ஆசிரியர் செய்ததைத்தான் எவரும் செய்வார்.

இவ்வளவுக்கும் பிறகு உதவி கேட்டுப் போனால் கிடைக்கும் பதில் இருக்கிறதே, அது இன்னும் வேடிக்கை. “தவறான கார்டு வாங்கிவிட்டீர்கள், ஏ.எம்.டி. வாங்கியிருக்க வேண்டும்.” கார்டு வாங்கியபோது இவருக்கு லினக்ஸ் என்ற பெயரே தெரியாது ஐயா! கல்யாணம் முடிந்து பத்து வருடம் ஆனவரிடம் ஜாதகம் பார்த்தீர்களா என்று கேட்பது போல. இரண்டாவது பதில், “கம்பெனி வெப்சைட்டிலிருந்து டிரைவரை டவுன்லோட் செய்து போடுங்கள்” என்பது. விண்டோஸ் பழக்கத்தில் பலர் இதைச் செய்துவிட்டு மாட்டிக் கொள்கிறார்கள். அப்படி நிறுவிய டிரைவர் பற்றி உங்கள் லினக்ஸின் பேக்கேஜ் மேனேஜருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த அப்டேட்டில் இரண்டும் மோதிக் கொள்ளும். உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ், மின்ட்டில் டிரைவர் மேனேஜர் என்று அதற்கென்றே ஜன்னல் இருக்கிறது. அந்த வழியாக மட்டும் போகவும்.

திரை கறுத்துவிட்டால்

பார்மட் செய்ய வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம். உங்கள் பைல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கெட்டிருப்பது படம் காட்டும் பகுதி மட்டுமே.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, கம்பெனி சின்னம் வரும்போது எஸ்கேப் கீயை ஓரிரு முறை தட்டவும். பழைய பயாஸ் உள்ள மெஷின் என்றால் ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டே இருக்கவும். கிரப் மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற வரிக்குள் போனால் பழைய கெர்னல்கள் வரிசையாக இருக்கும். மேலே இருப்பது புதியது. அதற்கு அடுத்ததைத் தேர்வு செய்யவும். கெர்னல் மாறியதால் வந்த கோளாறு என்றால் டெஸ்க்டாப் பழையபடி வந்துவிடும்.

வராவிட்டால், மாறியது டிரைவராக இருக்கலாம். அப்போது பழைய கெர்னல் உதவாது, ஏனெனில் அதற்கும் புதிய டிரைவரையே தைத்திருப்பார் நம் தையல்காரர். கன்ட்ரோல், ஆல்ட், எப்3 ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் எழுத்துத் திரை ஒன்று கிடைக்கும். அங்கே யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போகலாம். டைப் செய்யும் பாஸ்வேர்ட் திரையில் தெரியாது, பயப்பட வேண்டாம். டைம்ஷிப்ட் புரோகிராமை முன்பே அமைத்து வைத்திருந்தால், இங்கிருந்தோ, லினக்ஸ் இன்ஸ்டால் செய்த பென் டிரைவிலிருந்தோ நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். லினக்ஸ் மின்ட்டில் இந்தப் புரோகிராம் கூடவே வருகிறது. பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. இன்று மாலையே திறந்து பார்க்கவும். ஒன்று கவனிக்க வேண்டும். டைம்ஷிப்ட் காப்பது சிஸ்டத்தை. உங்கள் கடிதங்களையும் போட்டோக்களையும் வழக்கமாக அது தொடாது. அவற்றுக்குத் தனியாக ஒரு பேக்கப் வேண்டும்.

புதிதாக லினக்ஸ் நிறுவும்போதே திரை கறுக்கிறது என்றால் கதை வேறு. கிரப் மெனுவில் ஈ எழுத்தைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து ஒரே சொல்லாகச் சிறிய எழுத்தில் டைப் செய்து, எப்10 தட்டவும். அந்த ஒருமுறைக்கு மட்டும் சாதாரணத் திரை வரும். நிறுவி முடித்தபின் முறையான டிரைவரைப் போட்டுக் கொள்ளலாம்.

இன்னொரு சின்ன விஷயமும் பலரைக் கலங்க வைக்கிறது. அப்டேட் முடிந்தது, ரீஸ்டார்ட் செய்யவில்லை. திரை நன்றாகவே இருக்கிறது. ஆனால் கேம் திறக்கவில்லை, வீடியோ எடிட்டர் திறக்கவில்லை, டிரைவர் பதிப்பும் லைப்ரரி பதிப்பும் பொருந்தவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. மெமரியில் ஓடிக் கொண்டிருப்பது பழைய டிரைவர், டிஸ்க்கில் இருப்பது புதியது. ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

புதிய மெஷின் வாங்கப் போகிறவர்கள், லினக்ஸும் போடும் எண்ணம் இருந்தால், கேம் அதிகம் ஆடாதவர்கள் என்றால், தனி கார்டே வேண்டாம். பிராசசரோடு வரும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. கிராபிக்ஸ் தாராளமாகப் போதும். தனி கார்டுதான் வேண்டும் என்றால் கடையில் கார்டின் தலைமுறைப் பெயரைக் கேட்டு வாங்கவும். பழைய மார்க்கெட்டில் ஜி.டி.எக்ஸ். 1060 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், விலை ஏன் இறங்கியது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் தெரு ஆசிரியர் இன்றும் லினக்ஸில்தான் இருக்கிறார். ஊர் வரலாறு இப்போது இரண்டு பென் டிரைவில் நகலாக இருக்கிறது. ஒன்று அவர் வீட்டு பீரோவில், இன்னொன்று என்னிடம். கேபினெட்டின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார். “நீலத் திரை வந்தால் இரண்டாவது வரி. கறுப்புத் திரை வந்தால் எஸ்கேப். எதற்கும் கடைக்குப் போகாதே” என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது. அப்டேட் அறிவிப்பு வந்தால் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கிறார். அன்றுதான் நான் வீட்டில் இருப்பேன்.